எழுப்பிவிட்ட இரண்டு நிமிடம்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. குளிருகிறவர்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். தாம்லாவின் கதையைச் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாமல் இருந்தால் முழுசாகச் சொல்வேன்.

மோய் ஆறு அப்படி ஒன்றும் பெரிய ஆறு இல்லை. கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே தாண்டிவிடலாம். தாம்லாவும் அவள் புருஷன் தோதூவும் அப்படித்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் பர்மாக் கரையிலிருந்து தாய்லாந்துக் கரைக்கு வந்தார்கள். கரென் ஜனங்களில் பாதிப் பேர் வந்த வழி அது. அங்கே மே சோத் என்கிற எல்லை ஊரில் அவள் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தாள். அவன் மக்காச்சோளக் கிடங்கில் மூட்டை தூக்கினான். திருவிழா வந்தால் லெத்வே ஆடினான்.

லெத்வே நம் ஜனங்களின் சண்டை. கையில் உறை கிடையாது, வெறும் துணிச்சுற்றுதான். கையால் அடிக்கலாம், காலால் அடிக்கலாம், முழங்கை முழங்காலால் இடிக்கலாம், தலையாலும் முட்டலாம். யார் எத்தனை அடி அடித்தார் என்று எண்ணுகிற வழக்கம் இல்லை. ஐந்து சுற்று முடிந்தும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் இரண்டு பேரும் சமம். இன்னொன்றும் உண்டு. அடிபட்டு மயங்கி விழுந்தவனை அவனுடைய ஆள் மேடையேறி எழுப்பப் பார்க்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் கொடுப்பார்கள், ஒரு சண்டைக்கு ஒரே ஒரு தடவை. அதற்குள் எழுந்து நின்றுவிட்டால் சண்டை தொடரும். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு கருணை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கருணையா என்றும் தெரியாது.

தோதூவை எழுப்புகிற ஆள் அவனுடைய பெரியப்பா மகன் மூசே. ஐஸ் ஆலையில் வேலை செய்கிறவன், அகலமான ஆள், எப்போதும் ஈரமாகவே இருப்பான். சண்டைக்கு ஒரு பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவருவான். பிடரியில் ஒரு கட்டி, அக்குளில் ஒரு கட்டி, அப்புறம் காது மடலைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு. இதுவரை பதினோரு பேரை எழுப்பியிருக்கிறான். "பொணத்தையே எழுப்பிடுவேன். அப்புறம் அதுக்கு யார் சோறு போடறதுன்னுதான் சும்மா இருக்கேன்" என்பான். தன் ஆள் ஒருவனும் தரையில் கிடந்து தோற்றதில்லை என்பது அவனுக்கு இருந்த ஒரே சொத்து.

இப்போது தாம்லாவின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போவா என்று பெயர், வயது இருபது. அக்காவோடு அதே ஆலையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த கட்டடங்களில் சமையல் வேலை இருக்கிறது, தனி அறை, வாரம் ஒரு நாள் விடுப்பு என்று சொல்லிப் போன வருஷம் அவளைக் கூட்டிப் போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது. மதில் மேல் இருந்த முள்கம்பி வெளியே பார்த்து வளைந்திருக்கவில்லை, உள்ளே பார்த்து வளைந்திருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு நாலு போன் கொடுத்து, முகம் தெரியாதவர்களிடம் காதல் பேசி ஏமாற்றச் சொன்னார்கள். மறுத்தால் அடி, ஏமாறுகிறவன் கிடைக்காவிட்டாலும் அடி. வாரத்துக்கு ஒரு தடவை அக்காவிடம் பேச விடுவார்கள். பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். "நல்லா இருக்கேன்க்கா, சாப்ட்டேன்க்கா" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தாம்லா வாரம் முழுக்க மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள், குரலில் எங்காவது வலி தெரிகிறதா என்று.

போவாவைக் கூட்டிப் போனவன் வெளியாள் இல்லை. கோ பைங் என்று எல்லாருக்கும் தெரிந்தவன். நம்மைப்போலவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு தாண்டி வந்தவன். யாருக்கு இங்கே தங்கி வேலை செய்ய அட்டை வேண்டுமோ, யாருக்கு அறை வேண்டுமோ, யார் வீட்டில் சாவு விழுந்து வண்டி வேண்டுமோ, கோ பைங்கிடம்தான் போவார்கள். எல்லாருக்கும் அண்ணன். பத்துப் பேரைப் பத்திரமாகக் கரையேற்றிவிட்டுப் பதினோராவது ஆளை விற்றுவிடுவான். அந்தப் பதினோராவது ஆள் தன் வீட்டில் வராதவரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். தாம்லாவும் பேசியதில்லை. புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கப் போனால் முதலில் நம் அட்டையைத்தான் கேட்பார்கள், அந்த அட்டையும் கோ பைங் வாங்கிக் கொடுத்ததுதான்.

கரென் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் அவனே அவர்கள் அறைக்கு வந்தான். தாம்லா மீன் குழம்பு வைத்திருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினான். சாப்பிட்டு முடித்துத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, புத்தாண்டு அன்று தோதூ ஒரு மௌலமைன் ஊர்ப் பையனோடு மோதப்போகிறான் அல்லவா, ஊரே தோதூ மேல் பந்தயம் கட்டியிருக்கிறது என்றான். அக்கரைக் கட்டடங்களை நடத்துகிற பெரியவர்கள் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்றான்.

"மூணாவது சுத்துல விழுந்துடு, தம்பி. பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு முழங்கால் வாங்கிட்டுப் படுத்துக்க."

தோதூ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக ஆடுகிறவன், ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. என்ன தருவீர்கள் என்று தாம்லாதான் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்குப் பழைய படகுத்துறைக்கு வா, தங்கச்சி. போவா வந்து எறங்குவா."

மூசே இரண்டு நிமிடம் கேட்பானே என்று தோதூ மெதுவாகச் சொன்னான். கோ பைங் அதையும் யோசித்து வைத்திருந்தான். மூசே கிட்டே வந்ததும் தலையை ஆட்டி, முடியாது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த மூன்று பேரைத் தவிர நாலாவது ஆள் காதுக்கு விஷயம் போகக்கூடாது. போனால் ஊர் ஜனம் மேடையைப் பிரித்துவிடும், அக்கரைக்காரர்கள் போவாவை மறந்துவிடுவார்கள். மூசேயிடமும் சொல்லக்கூடாது. அவனுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

அவன் போன பிறகு தோதூ அந்தத் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, "விழறது எப்படின்னே எனக்குத் தெரியாதே, தாம்லா" என்றான். அவள் சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்தில் அன்றுதான் சிரித்தாள்.

புத்தாண்டு அன்று அறுவடை முடிந்த சோளக் கொல்லையில் மேடை போட்டிருந்தார்கள். காலையில் கொடியேற்றி, நடனம் ஆடி, எள்ளு போட்ட ஒட்டரிசி தின்று, மத்தியானம் வெயில் ஏறினதும் சண்டை. சிவப்பும் வெள்ளையுமாக நெய்த சட்டைகளில் இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். தையல் ஆலைப் பெண்கள், மீன் கடைக்காரர்கள், ரப்பர் தோட்டத்து ஆட்கள், எல்லாரும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தலையை நிமிர்த்தி நிற்பார்கள். தாம்லாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கோ பைங் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கும் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க முடியுமா?

மேளமும் ஊதுகுழலும் தொடங்கின. தோதூ இடது கையை மடித்து, வலது உள்ளங்கையால் முழங்கை மடிப்பில் மூன்று தடவை அறைந்தான். வா, உன்னால் முடிந்ததைக் காட்டு என்று எதிராளிக்குச் சொல்கிற சத்தம் அது. கூட்டம் எழுந்து கத்தியது. அந்த மௌலமைன் பையனுக்கு ஏற்பாடு ஒன்றும் தெரியாது. அவன் ஜெயிக்க வந்தவன்.

முதல் சுற்று நன்றாகவே போயிற்று. இரண்டாவது சுற்றில் தோதூ கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பது தாம்லாவுக்குத் தெரிந்தது. மூன்றாவதில் விழுவதற்கு இப்போதே களைத்தவன் மாதிரிக் காட்ட வேண்டும் அல்லவா? கையைத் தாழ்த்தினான். தாழ்த்தின கையைப் பார்த்த பையன் உள்ளே பாய்ந்து, கழுத்தைப் பிடித்து இழுத்து, நெற்றியால் முகத்தில் முட்டினான்.

தோதூ கண் திறந்தபடியே மல்லாந்தான். விழுந்து நடித்தவன் இல்லை. உண்மையாகவே நினைவு போய்விட்டது.

தாம்லாவுக்கு முதலில் வந்தது பயம். அது ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அவளுக்கு ஆறுதல் வந்தது. புருஷன் மயங்கிக் கிடக்கிறான், மனைவிக்கு ஆறுதல் வருகிறது. அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. விழுந்துவிட்டான், ஒரு சுற்று முன்னால் விழுந்தால் என்ன, முடிந்தது, போவா வந்துவிடுவாள் என்று நினைத்தாள். கோ பைங்கைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் தலையை லேசாக ஆட்டினான்.

அப்போது மூசே ஐஸ் பெட்டியோடு கயிற்றுக்குள் நுழைந்தான். இரண்டு நிமிடம் கேட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டியவனுக்கு நினைவில்லை. இதை மட்டும் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை, பாருங்கள்.

தாம்லா எழுந்தாள். கத்தினால் இரண்டாயிரம் பேருக்குத் தெரியும். கத்தாமல்தான் போக வேண்டும். ஜனத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு மேடை மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. மூசே பிடரியில் ஐஸை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவள் கயிற்றுக்கு அடியில் கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே, விட்டுடுங்க. எழுப்பாதீங்க."

"போ தங்கச்சி. எல்லாப் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றாளுங்க."

"அண்ணே, உங்க கால்ல விழறேன். கெடக்கட்டும் விடுங்க."

"இவன் நாளைக்கு என் மூஞ்சில முழிக்க வேணாமா? நகரு."

அதற்கு மேல் சொல்ல அவளிடம் போவாவின் பேரம் ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் காதுகள். மூசே குனிந்து காது மடலைக் கடித்து இழுத்தான். தோதூவின் கால் துடித்தது. கண் உருண்டது. எழுந்து உட்கார்ந்து வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினான். கூட்டம் ஆறு கேட்கும்படி கத்தியது.

அவன் பார்வை தாம்லாவின் மேல் வந்து நின்றது. எத்தனையாவது சுற்று என்று அவளிடம் கேட்டான்.

"அடுத்தது மூணாவது" என்றாள். அந்த ஒரு சொல்லில் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் வைத்துச் சொன்னாள். "கேக்குதா? மூணாவது."

"சரி" என்றான் அவன். சிரித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

மணி அடித்தது. மிச்சமிருந்த இரண்டாவது சுற்றை அவன் தள்ளாடியே ஓட்டினான். மூன்றாவது தொடங்கியது. தாம்லா மூலையிலேயே நின்றுகொண்டிருந்தாள். இப்போது விழுவான், இப்போது விழுவான் என்று ஒவ்வொரு அடிக்கும் அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அவன் விழவில்லை. அவன் கண்ணில் ஆளே இல்லை. பத்து வருஷம் ஆடிய உடம்பு மட்டும் எழுந்து வந்து தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தது. அந்த உடம்புக்குப் போவாவைத் தெரியாது, படகுத்துறையைத் தெரியாது. பையன் மறுபடியும் உள்ளே பாய்ந்தபோது, அந்த உடம்பு ஒரு அடி விலகி, முழங்கையைத் திருப்பி அவன் தாடையில் வைத்தது. பையன் சாய்ந்தான்.

மௌலமைன் பையனின் ஆட்களும் இரண்டு நிமிடம் கேட்டார்கள். தாம்லா அந்தப் பேர்கூடத் தெரியாத பையனுக்காகத் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கும்பிட்டாள். அவர்களுக்கு எழுப்பத் தெரியவில்லை. மூசே மாதிரி ஆள் எல்லாருக்கும் கிடைப்பானா?

தோதூவைத் தோளில் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தார்கள். அவன் மேலேயிருந்து அவளைப் பார்த்துக் கையாட்டினான். அவள் திரும்பி முன்வரிசைக்கு நடந்தாள். கோ பைங் விதைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை.

அவன் சுயநினைவோடு செய்யவில்லை, சத்தியமாகத் தெரியாமல் நடந்தது, இன்னொரு சண்டை வையுங்கள், முதல் சுற்றிலேயே விழச் சொல்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"நான் நம்பறேன், தங்கச்சி. என் கண்ணாலயே பாத்தேனே. ஆனா அங்க இருக்கறவங்க என் கண்ணை வச்சா பாக்கறாங்க?"

"நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே."

"நான் சொல்லி எப்பக் கேட்டாங்க? நானும் ஆத்தத் தாண்ட வைக்கிற ஓடந்தான்." எழுந்து கைலியைச் சரி செய்துகொண்டான். "தம்பிக்குத் தலையில அடி. ராத்திரி தூங்க விடாத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வண்டி வேணும்னா சொல்லு, அனுப்பறேன்."

அவன் அதை உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் தோதூ வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. மூசே தினமும் காலையில் துணியில் ஐஸ் கட்டிக் கொண்டுவந்து அவன் முகத்தில் ஒற்றி எடுத்தான். எப்படி எழுப்பினேன் என்ற கதையைப் பக்கத்து அறைக்காரர்களுக்குச் சொன்னான். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து அழுதாள், நான் விட்டேனா என்று சொல்லிச் சிரித்தான். தாம்லா அவனுக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் தன் தம்பியை ஒருபோதும் தரையில் விட்டதில்லை, அவன்மேல் எந்த முகத்தோடு கோபப்படுவது?

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோதூவின் கை பாதி வழியில் நின்றது.

"நான் விழுந்தேன் இல்ல?" என்றான்.

"விழுந்தீங்க" என்றாள். அது பொய் இல்லை.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். எல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்குள் வந்து உட்காருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்க முடியவில்லை. மூசே அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவள் சரி என்றாள். இன்றைக்கு வரைக்கும் அந்த மனிதனுக்குத் தெரியாது. பன்னிரண்டாவது ஆளை எழுப்பிய பெருமையோடுதான் ஐஸ் சுமக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பழைய படகுத்துறைக்குப் போனார்கள். போகாமல் இருப்பது எப்படி? கோ பைங் ஒருவேளை பேசிப் பார்த்திருக்கலாம். அக்கரைக்காரர்கள் ஒருவேளை வேறு சண்டையில் ஜெயித்து மனசு இளகியிருக்கலாம். தாம்லா தங்கைக்கு ஒரு சட்டை எடுத்து வந்திருந்தாள். பத்து மணிக்கு ஒரு படகு வந்தது, பூண்டு மூட்டை இறங்கியது. பத்தரைக்கு ஒரு படகு வந்தது, ஒரு கிழவரும் இரண்டு ஆடுகளும் இறங்கினார்கள். தோதூ ஒவ்வொரு படகுக்கும் எழுந்து நின்றான், தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். பதினொன்றரைக்குத் தாம்லாவின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. போவாவின் குரல். இந்தத் தடவை பக்கத்தில் யாரும் நிற்கவில்லை போலிருக்கிறது, அவசர அவசரமாகப் பேசியிருந்தாள்.

"அக்கா, மாமா சண்டைய எங்களுக்கு போன்ல காட்டினாங்க. எங்க மேலாளே காட்டினான். மாமா விழுந்ததும் எனக்கு உசுரே இல்ல. மூசே அண்ணன் காதக் கடிச்சு எழுப்பினாரு பாரு, அப்ப நாங்க எல்லாரும் கை தட்டினோம். நான்தான் ரொம்ப சத்தமாத் தட்டினேன், மாமாகிட்டச் சொல்லு. இப்ப எங்களை வேற எடத்துக்கு வண்டி ஏத்தறாங்க, வடக்க ரொம்ப தூரமாம். எந்த ஊருன்னு சொல்லல. போய்ச் சேந்ததும் பேச விட்டாங்கன்னா..."

அதோடு நின்றுவிட்டது. தாம்லா திரும்பக் கூப்பிட்டாள். மணி போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

தோதூ ஆற்றைப் பார்த்தபடி, போவா என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

"உங்க சண்டையப் பாத்தாளாம்."

"எதுவரைக்கும் பாத்தா?"

தாம்லா சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "முழுசாப் பாத்தாளாம். கை தட்டினாளாம்."

அவன் படகுத்துறைப் படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த படகு அக்கரையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் போவா வரமாட்டாள் என்று தெரிந்தும், அது வந்து சேர்கிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் கதை, கண்ணுகளா. இதற்கு மேல் எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லாமல் இருப்பேனா? எழுந்து போங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து ஆறு தாண்டிப் போனவர்கள் எல்லாரும் போன கால் நோகாமல் திரும்பி வரட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சோறு சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு தட்டுக்கும் ஆள் வந்து உட்காரட்டும். உங்கள் கதவைத் தட்டுகிற கை எப்போதும் உங்கள் பிள்ளையின் கையாகவே இருக்கட்டும்.